கடைசி ஏழு விநாடிகள்

பதினான்கு நிமிடம் இருபத்திரண்டு விநாடி என்று திரையின் ஓரத்தில் போட்டிருக்கிறது, அதில் பதினெட்டு விநாடி போயிற்று, பெனிட்டா முதுகுக்குத் தலையணை கொடுத்து டேப்லெட்டை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு பார்க்கிறாள், நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவள் பார்ப்பதைப் பார்க்கிறேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த பச்சை அங்கி அவளுக்கு ரொம்பப் பெரிது. கழுத்தில் செயின் இல்லை, காதில் ஒன்றும் இல்லை, எல்லாம் என் சட்டைப்பையில் கைக்குட்டையில் முடிந்து கிடக்கிறது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன், எங்கே ஓடிவிடப் போகிறது. பத்தரைக்கு ஆபரேஷன் தியேட்டர். இப்போது ஒன்பது ஐம்பது. தைராய்டில் ஒரு கட்டி, அதை எடுக்கப்போகிறார்கள், அதற்கு முன்னால் நோயாளி இந்த வீடியோவை முழுதாகப் பார்க்க வேண்டும், பார்த்து முடித்தால்தான் கீழே ‘சம்மதிக்கிறேன்’ என்ற பொத்தான் சாம்பல் நிறத்திலிருந்து பச்சைக்கு மாறும், பச்சையில் விரலை வைத்தால்தான் ஸ்ட்ரெச்சர் வரும். அந்தப் பொத்தானைப் பச்சையாக்குகிறவன் நான்தான். சென்னையில் எங்கள் கம்பெனி செய்து கொடுக்கிற ஆப் இது, வீடியோ முடிந்துவிட்டதா என்று கண்டுபிடிக்கிற பகுதி மட்டும் என்னுடையது, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நான் எழுதியது. திருநெல்வேலிக்கு வந்து, என் மனைவியின் மடியில் இருக்கிற அதே சாம்பல் பொத்தானைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும் என்று எழுதும்போது எனக்கு யார் சொன்னார்கள். அட்மிஷன் போட்டதும் டேப்லெட்டை நீட்டினார்கள், பெனிட்டா பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டாள். “அத்தான், இது உங்க ஆப்புதான?” என்றாள், கொஞ்சம் பெருமையாகக்கூட. நான் ஆமாம் என்று மெதுவாகச் சொன்னேன், நர்ஸ் காதில் விழவில்லை. இப்போது அது நல்லதாகப் போயிற்று என்று தோன்றுகிறது, ஏன் தோன்றுகிறது என்று தெரியவில்லை.

வீடியோ முடிந்தால் அதுவே சொல்லப்போகிறது, இதிலே உமக்கு என்ன வேலை என்று என் மாமனார் ஒருமுறை கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். சொல்லும், சில சமயம் சொல்லாது, சில சமயம் இரண்டு தடவை சொல்லும். இரண்டு தடவை சொல்வதைப் பற்றி வீட்டில் ஒருநாள் புலம்பியபோது பெனிட்டா, “உங்க அம்மை மாதிரி போல” என்று சிரித்தாள், அம்மா அடுத்த அறையில்தான் இருந்தாள். விலை குறைந்த டேப்லெட்டுகளில் படம் பதினான்கு இருபத்திரண்டுக்கு வராமலேயே நின்றுவிடும், பதினான்கு இருபத்தொன்று புள்ளி எட்டு, அவ்வளவுதான், அதற்கப்புறம் நகராது, என் நிரல் அந்தப் புள்ளி இரண்டுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அந்தப் பக்கம் ஒரு நோயாளி சாம்பல் பொத்தானைப் பார்த்தபடி படுத்திருப்பார். அதைவிடப் பெரிய தொல்லை நெட். நெட் சிக்கினாலும் படம் நிற்கும், முடிந்தாலும் நிற்கும். நின்றுபோனதும் முடிந்துபோனதும் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றுதான். இரண்டு மாதம் இந்த ஒன்றோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் ஒரு விதி எழுதினேன், முடிவுக்கு ஒரு விநாடிக்குள் வந்துவிட்டு மூன்று விநாடி அசையாமல் நின்றால் அது முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள். வேலை செய்தது. மேலாளர் எல்லோர் முன்னாலும் கைதட்டினார். எனக்கு அதில் ஒரு திருப்தி, மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு எதுவும் முடிய வேண்டும், முடிந்தது என்று யாராவது வந்து சொல்ல வேண்டும், தொங்கலில் நிற்கிற எதையும் என்னால் தாங்க முடியாது. பரீட்சை எழுதிய காலத்திலிருந்தே இந்த வியாதி. இதோ இரண்டு நிமிடம் நாற்பது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு டாக்டர் தைராய்டு கழுத்தில் எங்கே இருக்கிறது என்று சுட்டிக் காட்டுகிறார், அவர் முகம் எனக்குப் புதிதாக இருக்கிறது. புதிதாக இருக்கிறதே. அவர் முகத்தை நான் ஆயிரம் தடவையாவது பார்த்திருக்க வேண்டும். பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தது கடைசி ஏழு விநாடி மட்டும், ஆஸ்பத்திரிக் கட்டிடம், அதன்மேல் சூரியன் உதிப்பது, ஒரு பெண் குரல் ‘உங்கள் நம்பிக்கைக்கு நன்றி’ என்று சொல்வது, பிறகு வீணை, பிறகு கறுப்பு. அந்த ஏழு விநாடியைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிக் காட்டுவேன். முடிவைச் சோதிக்க முடிவு போதுமே, பதினான்கு நிமிடத்தை யார் உட்கார்ந்து பார்ப்பது. எங்கள் குழுவில் சோதனை பார்க்கிற ரெஹானா ஒருதடவை கேட்டாள், “கிங்ஸ்லி, நம்மள்ல யாராச்சும் இத முழுசா ஒரு தடவ பாத்திருக்கமா?” என்று. நாம படத்துக்கு விமர்சனம் எழுதலம்மா, முடியுதான்னு மட்டும் பாரு என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு நர்ஸ் வருகிறாள், மார்பில் முத்துமாரி என்று பெயர் அட்டை, நல்ல பெண், காலையில் ஊசி குத்தும்போது பெனிட்டாவிடம் வலிக்கிறதா வலிக்கிறதா என்று நான்கு தடவை கேட்டாள். இப்போது எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள். “என்ன சார், இன்னும் ஓடிட்டா இருக்கு? இத முழுசாப் பாக்கணும்னு ஒண்ணும் இல்ல. இந்தா, மேல இடது பக்கம் லோகோ இருக்குல்லா, அதுல படபடன்னு அஞ்சு தட்டு தட்டுங்க, கடைசிக்குப் போயிரும், பச்சை வந்துரும். நாங்க எல்லாருக்கும் அப்படித்தான் பண்ணுதோம்.” சொல்லிவிட்டு விரலை நீட்டிக்கொண்டு வேறு வருகிறாள். வேண்டாம் சிஸ்டர், பாக்கட்டும் என்கிறேன், என் குரல் என்னுடையது மாதிரி இல்லை. “பாருங்க பாருங்க, ஆனா மணி பத்து பத்துக்கெல்லாம் ஸ்ட்ரெச்சர் வந்துரும், பெரிய டாக்டர் பன்னெண்டு மணிக்குத் தூத்துக்குடி போணும், லேட்டாச்சுன்னா என்னத்தான் ஏசுவாவ” என்று சொல்லிவிட்டுப் போகிறாள். கதவு மூடுகிறது. ஐந்து தட்டு. லோகோவில் ஐந்து தட்டு. அதுவும் நான் வைத்ததுதான். சோதிப்பதற்காக வைத்தது, தட்டினால் கடைசி ஏழு விநாடிக்குத் தாவும், ஒவ்வொரு தடவையும் பதினான்கு நிமிடம் காத்திருக்க முடியாது என்பதற்காக. நிரலில் அந்த வரிக்குப் பக்கத்திலேயே ஒரு குறிப்பும் எழுதி வைத்தேன், வெளியே கொடுப்பதற்கு முன் இதை எடுத்துவிடவும் என்று. யார் எடுக்கவும்? அதை எழுதவில்லை. நான்தான் எடுக்க வேண்டும், எனக்குத் தெரியும், எடுத்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன், அல்லது அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. டேப்லெட்டில் ஆப்பைப் போட்டுக் கொடுத்தவன் சொல்லிக் கொடுத்திருப்பான், ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸுக்குச் சொல்லியிருப்பாள், இப்போது இது இந்த வார்டின் வழக்கம். எத்தனை பேர். எங்கள் ஆபீஸ் திரையில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு கணக்குக் காட்டுவார்கள், நோயாளிகளில் தொண்ணூற்றெட்டு சதவீதம் பேர் வீடியோவை முழுமையாகப் பார்த்தார்கள் என்று, நாங்கள் எல்லோரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்தத் தொண்ணூற்றெட்டில் எத்தனை பேர் வெறும் சூரியோதயத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். “அப்ப யாருமே பாக்கதில்லையா அத்தான்?” என்று பெனிட்டா கேட்கிறாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். நான் சட்டைப்பையில் இருக்கிற முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

நான்கு நிமிடம் ஐந்து விநாடியில் படம் நின்றுவிட்டது. நடுவில் வட்டம் சுற்றுகிறது. வைஃபை. டாக்டர் வாயைத் திறந்தபடி நிற்கிறார். சவம் இந்த நெட், இங்கேயா சிக்க வேண்டும். இப்போது பயப்பட ஒன்றுமில்லை, முடிவுக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது, என் விதி இதை முடிவு என்று எண்ணிக்கொள்ளாது, எனக்குத் தெரியும், தெரிந்தும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெனிட்டா பொறுமையாக இருக்கிறாள். அவளுக்குக் காத்திருக்கத் தெரியும், கண் தெரியாத பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவளுக்குக் காத்திருக்கத் தெரியாமல் போகுமா. பாளையங்கோட்டையில் பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளியில் எட்டு வருடமாக வேலை, ஒரு பிள்ளை புள்ளி எழுத்தைத் தடவித் தடவி ஒரு வார்த்தை சொல்கிறவரை வாயைத் திறக்காமல் நிற்பாள், நான் ஒருநாள் போயிருந்தபோது பார்த்தேன், என்னால் முடியாது, நானே சொல்லிக் கொடுத்திருப்பேன். கட்டியைக் கண்டுபிடித்ததும் அங்கேதான். டாக்டர் இல்லை, நான் இல்லை, இரண்டாம் வகுப்பில் படிக்கிற ஒரு பெண்பிள்ளை, “டீச்சர், உங்க சத்தத்துல மண்ணு கெடக்கு” என்று சொன்னாளாம். பெனிட்டா வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தாள். அதற்கப்புறம் இரண்டு வாரம் கழித்துத்தான் கழுத்தில் கைக்குத் தட்டுப்பட்டது. ஒரே வீட்டில் இருக்கிற எனக்குக் கேட்காத மண், அந்தப் பிள்ளைக்குக் கேட்டிருக்கிறது. எனக்கும் கேட்டிருக்க வேண்டும். கல்யாணமாகி முதல் இரண்டு வருடம் நான் சென்னையில், அவள் இங்கே, எங்கள் குடித்தனம் முழுக்கப் போனில்தான் நடந்தது. அவள் சாப்பிட்டாளா என்று கேட்க மாட்டேன், குரலை வைத்தே தெரியும். சண்டையும் போனில், சமாதானமும் போனில். அவள் முகத்தைவிட அவள் குரலோடு நான் அதிக நாள் வாழ்ந்திருக்கிறேன். இப்போது சென்னை வேலையை இங்கே வீட்டிலிருந்தே பார்க்கிறேன், ஒரே வீட்டில் இருக்கிறோம், நான் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். வட்டம் நின்றது. டாக்டர் வாயை மூடிவிட்டுத் திரும்பப் பேச ஆரம்பிக்கிறார், பெனிட்டா டேப்லெட்டை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி வைத்துக்கொள்கிறாள்.

ஏழு நிமிடம் முப்பது. திரையில் பெரிய எழுத்தில் வருகிறது, நான்காம் பகுதி, ஏற்படக்கூடிய சிக்கல்கள். இப்படி ஒரு பகுதி இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. இருக்கத்தானே செய்யும், இதற்காகத்தானே வீடியோவே. ரத்தக் கசிவு ஏற்படலாம் என்கிறார். சரி. கிருமி தாக்கலாம். சரி, மருந்து இருக்கிறது. உடம்பில் சுண்ணாம்புச் சத்து குறையலாம், மாத்திரை போட வேண்டியிருக்கலாம். சரி சரி, போட்டுக்கொள்ளலாம், மாத்திரைதானே, மேலே போ. டாக்டர் நகர்ந்துவிட்டார், வரைபடம் வருகிறது, ரோஜா நிறத்தில் தைராய்டு, அதன் முதுகை ஒட்டி மஞ்சளாக இரண்டு நூல். இரண்டு நூலும் பளிச் பளிச்சென்று மின்னுகின்றன. என்னவென்று எனக்குத் தெரியாது, ஆனால் உடம்புக்குத் தெரிந்துவிட்டது, பிடரி குளிர்ந்துபோயிற்று. இதை அவள் கேட்க வேண்டாம். என்ன வந்தாலும் சரி, இதை அவள் இப்போது, தியேட்டருக்குப் போக அரைமணி நேரம் இருக்கும்போது கேட்க வேண்டாம். கேட்டால் பயப்படுவாள், பயந்தால் வேண்டாம் என்பாள், வேண்டாம் என்றால் அந்தக் கட்டி அங்கேயே இருக்கும், என்னவென்று தெரியாமலே இருக்கும். ஊசி போட்டு எடுத்த சோதனையில் இப்படியும் சொல்ல முடியாது அப்படியும் சொல்ல முடியாது என்று வந்திருக்கிறது, அந்தக் காகிதத்தை நான் எத்தனை முறை படித்தேன். ஆறு மாதம் பார்க்கலாம், அல்லது எடுத்துவிடலாம், உங்கள் இஷ்டம் என்றார் பெரிய டாக்டர், செல்போனைப் பார்த்தபடி. ஆறு மாதம் எப்படித் தூங்குவது. எடுத்துத் தூரப் போட்டுருவோம் டாக்டர் என்று நான்தான் சொன்னேன், பெனிட்டா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் இடது கை டேப்லெட்டின் மேல் மூலையைப் பிடித்திருக்கிறது, சாயாமல் பிடித்துக்கொள்கிற மாதிரி. கட்டைவிரலுக்குக் கீழே லோகோ. ஒன்று. இரண்டு. நெட் தாவிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், இப்போதுதான் சிக்கியது, நம்புவாள். மூன்று. அந்த டாக்டரின் குரல் சொல்கிறது, ‘குரல்வளைக்குச் செல்லும் நரம்புகள்.’ நான்கு. “கைய எடுங்க அத்தான், மறைக்குது” என்கிறாள் பெனிட்டா. குரலை உயர்த்தாமலே சொல்கிறாள். என் கை எதையும் மறைக்கவில்லை. அவளும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். கையை எடுத்துவிட்டேன். இரண்டு விநாடி தட்டாமல் இருந்தால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய்விடும், அதையும் நான்தான் எழுதினேன்.

‘இந்த நரம்புகள் தைராய்டை ஒட்டியே செல்கின்றன. அறுவை சிகிச்சையின்போது இவை பாதிக்கப்பட்டால் குரல் கரகரப்பாகலாம், வலுவிழக்கலாம். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் அல்லது மாதங்களில் சரியாகிவிடும். மிகச் சிலருக்கு இது நிரந்தரமாகவும் இருக்கலாம். ஆசிரியர்கள், பாடகர்கள் போலக் குரலை நம்பி வேலை செய்கிறவர்கள் இதுபற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் அவசியம் பேச வேண்டும்.’ இவ்வளவுதான். முப்பது விநாடிகூட இருக்காது. அதற்குள் தழும்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார், சிறிய கோடாகத்தான் இருக்குமாம், சேலை கட்டினால் தெரியாதாம். பெனிட்டா அசையவில்லை. அவள் முகத்தில் எதையாவது தேடுகிறேன், ஒன்றும் இல்லை, பாடம் சொல்லிவிட்டுப் பிள்ளைக்காகக் காத்திருக்கும்போது இருக்கிற அதே முகம். மிகச் சிலருக்கு. மிகச் சிலர் என்றால் எத்தனை. நூற்றில் ஒன்றா, ஆயிரத்தில் ஒன்றா. எங்கள் ஆபீஸில் நூற்றில் ஒன்று என்றால் அது பிரச்சனையே இல்லை, பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கி வைப்போம், அந்தப் புள்ளி இரண்டு விநாடியையே அப்படித்தான் ஆறு மாதம் ஒதுக்கி வைத்திருந்தோம். அந்த ஒன்று என் வீட்டில் வந்து உட்கார்ந்தால். அவள் வகுப்பறைக்குள் போய் வணக்கம் என்று சொல்கிறாள், பிள்ளைகள் யாரோ புது டீச்சர் என்று நினைத்துச் சும்மா இருக்கிறார்கள். நினைக்கவே முடியவில்லை, நினைக்காமலும் இருக்க முடியவில்லை. மற்ற பிள்ளைகளுக்கு டீச்சர் என்றால் சேலை, கண்ணாடி, நடை எல்லாம் உண்டு, இந்தப் பிள்ளைகளுக்கு அவள் என்றால் அந்தக் குரல்தான், வேறு ஆளே கிடையாது. எனக்கு மட்டும் வேறென்ன. பெரிய டாக்டரிடம் இவள் ஆசிரியை என்று சொன்னோமா? படிவத்தில் தொழில் என்ற இடத்தில் நான்தான் நிரப்பினேன், அரசு உதவி பெறும் பள்ளி என்று எழுதினேன், என்ன வேலை என்று எழுதவில்லை, கிளார்க்காகக்கூட இருக்கலாம். அவர் கேட்கவில்லை, நாங்கள் சொல்லவில்லை, எல்லோருக்கும் அவசரம். கேட்டிருக்க வேண்டும். சொல்லியிருக்க வேண்டும். இதையெல்லாம் சொல்வதற்குத்தான் ஆப் இருக்கிறதே என்று அவர் நினைத்திருப்பார், ஆப்பில் ஐந்து தட்டு தட்டினால் போதும் என்று நர்ஸ் நினைத்தாள், முடிந்ததா என்று பார்ப்பது மட்டும்தான் என் வேலை என்று நான் நினைத்தேன். ஒருத்தர்மேல் ஒருத்தர் பாரத்தைச் சாய்த்துவிட்டு எல்லோரும் நல்லவர்களாக இருந்திருக்கிறோம். பத்து நிமிடம் ஐம்பது. வெளியே ஏதோ சக்கரம் உருளுகிற சத்தம், ஸ்ட்ரெச்சராக இருக்கும், இல்லை, சாப்பாட்டு வண்டி, எங்கள் கதவைத் தாண்டிப் போகிறது. “பெனி” என்கிறேன். “ஷ்” என்கிறாள், “முடியட்டும்.”

முடியட்டுமாம். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்று முடியக்கூடாது என்று நினைக்கிறேன். பன்னிரண்டு நிமிடம். வீட்டுக்குப் போன பிறகு எப்படிப் படுக்க வேண்டும், எத்தனை நாள் கழித்துத் தலைக்குக் குளிக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், நல்ல மனுஷன், நிறுத்தி நிதானமாகத்தான் பேசுகிறார், இத்தனை நாள் இவர் பேச்சை நான் ஒருவார்த்தை கேட்டதில்லை. நெட் சிக்கினால் நல்லது. இப்போது சிக்கட்டும், ஒரு மணி நேரம் சிக்கட்டும், பெரிய டாக்டர் தூத்துக்குடிக்குப் போகட்டும். சிக்கவில்லை, பால் மாதிரி ஓடுகிறது, வேண்டாத நேரத்தில்தான் எல்லாம் ஒழுங்காக ஓடும். பயம் எனக்கு எங்கே என்று பிடிபடவில்லை. ஆபரேஷன் நடந்தால் குரல் போய்விடுமோ என்று பயம், நடக்காவிட்டால் அந்தக் கட்டி என்னவோ என்று பயம், இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று, அவள் என்ன சொல்வாள் என்று பயம், அதுதான் பெரிது. ஏனென்றால் அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஒரு மாதத்தில் நான் பேசியிருக்கிறேன், அம்மா பேசியிருக்கிறாள், மாமனார் பேசியிருக்கிறார், ஜெபக் கூட்டத்தில்கூட இவளுக்காகப் பேசியிருக்கிறார்கள், இவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்ட மாதிரி எனக்கு ஞாபகமே இல்லை. சரி என்றாளா? தலையை ஆட்டினாள். தலையை ஆட்டினாளா, சும்மா இருந்தாளா? சும்மா இருந்தாள். அதைச் சரி என்று நான் எடுத்துக்கொண்டேன். பதின்மூன்று நிமிடம் நாற்பது. ஐம்பது. பதினான்கு. பதினான்கு பதினைந்து. இதோ கட்டிடம். இதோ சூரியன். ‘உங்கள் நம்பிக்கைக்கு நன்றி.’ வீணை. கறுப்பு.

ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் மனதுக்குள் எண்ணுகிறேன், எண்ண வேண்டியதே இல்லை, இந்த டேப்லெட் ஒழுங்கானது, உடனே பச்சையாகிவிட்டது. சம்மதிக்கிறேன். அகலமான பொத்தான், திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, நடுங்குகிற விரலும் தவறாமல் படும்படி பெரிதாக வைக்கச் சொல்லியிருந்தோம். பெனிட்டா விரலை அதன்மேல் கொண்டுபோகிறாள், தொடவில்லை. விரலை அப்படியே வைத்துக்கொண்டு திரையை மேலிருந்து கீழே பார்க்கிறாள், ஓரங்களைப் பார்க்கிறாள், மேலே தள்ளிப் பார்க்கிறாள், கீழே தள்ளிப் பார்க்கிறாள். “அத்தான்” என்கிறாள், “எனக்கு ஒண்ணு கேக்கணும்னா எங்கன அமுக்கணும்?” எனக்குப் புரியவில்லை. “டாக்டர்ட்ட எனக்குக் கேக்கணும், அதுக்கப்புறம் சரியா வேண்டாமான்னு சொல்லுதேன். அதுக்கு எது?” நானும் திரையைப் பார்க்கிறேன், தெரியாதவன் மாதிரி. மூன்று வருடம், நான்கு பேர், எத்தனை கூட்டம், வீடியோ முடியாவிட்டால் என்ன, இரண்டு தடவை முடிந்தால் என்ன, போன் வந்தால் என்ன, சார்ஜ் தீர்ந்தால் என்ன என்று எல்லாவற்றையும் யோசித்தோம். வீடியோ முடிந்த பிறகு அந்தப் பக்கம் இருக்கிறவளுக்கு ஏதாவது சொல்ல இருந்தால் என்ன என்று ஒருத்தரும் கேட்கவில்லை, நான் கேட்கவில்லை. “அப்படி ஒண்ணு இல்ல பெனி” என்கிறேன். “நீங்க வைக்கலையா?” கோபமாகக் கேட்கவில்லை, இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிறாள். வைக்கல என்கிறேன். சொன்னதும் கண் கலங்கிவிட்டது, அவளுக்கு இல்லை, எனக்கு. அவள் விரலை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். கதவு திறக்கிறது, முத்துமாரி நர்ஸ், பின்னால் ஸ்ட்ரெச்சர், அதைத் தள்ளிக்கொண்டு வந்த ஆள் சுவரோரம் நிற்கிறார். நான் எழுந்து போய் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறேன். பெரிய டாக்டரக் கூப்பிடுங்க சிஸ்டர், அவ அவர்ட்டப் பேசணுமாம் என்கிறேன். நர்ஸ் என் தோளுக்கு மேலே எட்டித் திரையைப் பார்க்கிறாள், பச்சையைப் பார்க்கிறாள். “ஏன் சார், வீடியோ முடிஞ்சிட்டுல்லா?” முடிஞ்சிட்டு என்கிறேன், இனிதான் அவ பேசணும். நர்ஸ் என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனை எடுக்கிறாள். என் முதுகுக்குப் பின்னால் பெனிட்டா தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்கிறது.